பதினோரு ரூபாய் மணியார்டரும் ஐஸ் ஹவுஸும்



மூட்டு வலி பற்றிப் போன மாதம் போட்ட பதிவுக்கு இத்தனை பேர் வைத்தியம் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. முடக்கத்தான் கீரைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சரித்திரமும் இருக்கிறது, என் சொந்தக் கதையும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் கலந்தே எழுதுகிறேன்.

என்னிடம் ஏழாவது, எட்டாவது சமூக அறிவியல் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். வகுப்புக்குள் நுழைந்து சாக்பீஸ் டப்பாவை மேசையில் வைக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பேன். "விதவை மறுமணச் சட்டம்?" நீங்கள் எல்லாரும் ஒரே குரலில் "1856 டீச்சர்!" என்பீர்கள். "பாடுபட்டவர்?" "ஈஸ்வர சந்திர வித்யாசாகர் டீச்சர்!" ஒரு மார்க் கேள்வி. அடுத்தது சிப்பாய்க் கலகம், 1857. அவ்வளவுதான், மேலே போய்விடுவோம்.

அந்த ஒரு மார்க் கேள்விக்கு நானே எத்தனை மார்க் வாங்கினேன் என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

1978 முதல் 1980 வரை பாளையங்கோட்டையில் செகண்டரி கிரேடு ஆசிரியர் பயிற்சி படித்தேன். விடுதியில் என் பக்கத்துப் பாய் ஒருத்தியுடையது. பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டாள், அதனால் தோழி என்றே எழுதுகிறேன். பயிற்சி வகுப்புக்கு நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதுவதில் அவள் கெட்டிக்காரி. சார்ட் வரைவதில் நான். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகு வராந்தா வெளிச்சத்தில் உட்கார்ந்து அவள் எனக்கு எழுதுவாள், நான் அவளுக்கு வரைவேன். இரண்டு பேருக்கும் நல்ல மதிப்பெண்.

1982-ல் அவளுக்குக் கல்யாணம். 1983-ல் எனக்கு. நான் சென்னைக்கு வந்தேன். மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் போகும், ஒன்று வரும். 1984 கடைசியில் அவள் கணவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். இவளுக்கு 24 வயது, கையில் ஒரு வயதுப் பையன். அதற்கு மேல் எங்களுக்குள் கடிதம் போகவில்லை. அது ஏன் என்பது கீழே வருகிறது.

போன வருடம் எங்கள் பயிற்சிப் பள்ளிக் கூட்டாளிகள் யாரோ ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு நடுவே ஒரு நாள் அவள் எழுதியிருந்தாள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் பன்னிரண்டு பேர் சேர்ந்து சென்னை சுற்றிப் பார்க்க வருகிறார்களாம், மூன்று நாள், தி.நகரில் தங்கல். எனக்குத் தனியாக ஒரு வரி வந்தது: "ஏட்டி, நீ மயிலாப்பூர் பக்கம்தானே? ஒரு நாள் எனக்கு ஊரைக் காட்டு." நாற்பது வருடம் கழித்து வந்த வரி. நான் பதில் அடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

பனகல் பூங்கா வாசலில் காலை எட்டரைக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. நான் எட்டுக்கே போய்விட்டேன். கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "சார்ட்டு வரைய வந்தியா?" திரும்பினால், நரைத்த தலை, கண்ணாடி, நெற்றியில் நல்ல பெரிய பொட்டு. அந்தப் பொட்டை நான் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவர்கள் புடவைக் கடைகளுக்குப் போகிறார்கள். இவள் வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். பூங்காவில் ஒரு சுற்று நடந்தோம். வாத்தியாரம்மா என்றால் சும்மா இருக்க முடியுமா? இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி என்று ஆரம்பித்தேன். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் பிறை வடிவில் கிடந்த நீளமான ஏரி. அதைத் தூர்த்துத்தான் 1920-களிலும் 30-களிலும் மாம்பலம் குடியிருப்பைப் போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். பூங்காவுக்கு அந்தக் கட்சியின் முதல்வர் பனகல் அரசர் பெயர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, வியூ பார்க்க ஏரிதான் இல்லை. மழை பெய்தால் ஏரி திரும்பி வந்துவிடும், அது வேறு விஷயம்.

"எல்லாம் சரிட்டி. எனக்கு ஐஸ் ஹவுஸ் பாக்கணும்" என்றாள்.

கபாலி கோயில் கேட்பாள், மெரினா கேட்பாள், அஷ்டலட்சுமி கோயில் கேட்பாள் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். ஐஸ் ஹவுஸ் என் பட்டியலிலேயே இல்லை.

ஆட்டோ பிடித்துக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். உங்களில் பலர் பஸ்ஸில் அந்த ஸ்டாப்பிங் பெயரைக் கேட்டிருப்பீர்கள், இறங்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கடலைப் பார்த்தபடி முன்பக்கம் வளைந்து நிற்கிற கட்டடம். இப்போது விவேகானந்தர் இல்லம். உச்சியில் அன்னாசிப்பழம் போல ஒரு அலங்காரம் இருக்கும். 1842-ல் கட்டியது. கட்டியவர் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரடெரிக் டியூடர். அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார். நான்கு மாதத்துக்கு மேல் கடலில் வரும். பாதி கரைந்துபோனாலும் மீதி லாபம். வெள்ளைக்காரர்களின் கிளாஸில் போட மாசச்சூசெட்ஸ் ஏரித் தண்ணீர் மெரினாவில் வந்து இறங்கியிருக்கிறது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதே போலப் பனிக்கட்டிக் கிடங்குகள் இருந்தன. மிஞ்சியது சென்னையில் இருப்பது மட்டும். பிறகு இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டார்கள், டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்தது. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கட்டடத்தை வாங்கி வீடாக்கி, கெர்னன் என்ற நீதிபதியின் பெயரை வைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பியபோது ஒன்பது நாள் இங்கேதான் தங்கினார்.

இவ்வளவும் நான் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். உள்ளே போய்க் கண்காட்சியைப் பார்த்தோம். வெளியே வந்து எதிரே கடற்கரைப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தோம். காலை வெயில், பரவாயில்லை.

"நீ சொன்னதுக்கு அப்புறந்தான் நான் பாக்க வந்த கதை இருக்கு" என்றாள்.

அந்தக் கதை சகோதரி சுப்பலட்சுமி. நான் கேள்விப்பட்ட பெயர்தான். ஆனால் அவள் அளவுக்கு எனக்குத் தெரியாது. அன்றைக்கு வகுப்பு எடுத்தவள் அவள். வீட்டுக்கு வந்து நானும் படித்துச் சரிபார்த்தேன். எழுதுகிறேன்.

சுப்பலட்சுமி 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். அப்பா பெயர் சுப்பிரமணிய ஐயர். அந்தக் கால வழக்கப்படி பதினோரு வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கணவன் இறந்துபோனான். அந்தக் காலத்தில் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தலையை மழிப்பார்கள். வளையல், பூ, வண்ணப் புடவை எதுவும் கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு. அடுப்படியே உலகம். வெளியே கிளம்புகிறவர்கள் எதிரில் வந்துவிட்டால் சகுனம் சரியில்லை என்று திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்தக் குழந்தைக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாது.

சுப்பலட்சுமியின் வீட்டில் அப்படிச் செய்யவில்லை. தலையை மழிக்கவில்லை. அப்பாவே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு கன்னிமார் நடத்திய கான்வென்ட் பள்ளியில் சேர்த்தார். சொந்தக்காரர்களும் ஊராரும் பேசாத பேச்சில்லை. 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். தான் படித்த பள்ளியின் கன்னிமார் ஊழியத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்ததைப் பார்த்து, நாமும் அப்படி ஏன் செய்யக்கூடாது என்று நினைத்தவர். பெயருக்கு முன்னால் சகோதரி ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

1912-ல் எழும்பூரில் தன் வீட்டிலேயே நான்கு பால்ய விதவைகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அவருக்குத் துணை, அவரைப் போலவே விதவையான சித்தி வாலாம்பாள். எனக்கு அந்தச் சித்தியை மிகவும் பிடித்துவிட்டது. பட்டம் இல்லாதவர், சமையலும் சமாளிப்பும் தெரிந்தவர். இந்த மாதிரி ஒரு சித்தி இல்லாமல் எந்தப் பெரிய காரியமும் நடப்பதில்லை, ஆனால் பாடப்புத்தகத்தில் அவர்கள் பெயர் வராது.

அரசாங்கத் தரப்பில் உதவியவர் மிஸ் லிஞ்ச். பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸ், அயர்லாந்துக்காரர். இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அன்றைக்குப் பெண்கள் பள்ளிக்கூடம் திறந்தாலும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆண் வாத்தியார் என்றால் பெண் பெரியவளானதும் நிறுத்திவிடுவார்கள். கல்யாணமான பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண் என்று அந்த வயதில் யாரும் கிடையாது. ஊருக்கே வேண்டாதவர்களாக ஒதுக்கி வைத்திருந்த இந்தப் பிள்ளைகள்தான் மிச்சம். அவர்களைப் படிக்க வைத்து ஆசிரியைகள் ஆக்கினால், அவர்களுக்கும் சோறு, பள்ளிக்கும் டீச்சர். யாருக்கும் வேண்டாத கைகளில்தான் நம் ஊர்ப் பெண்கல்வியைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் எண்ணிக்கை கூடியது. எழும்பூர் வீடு போதவில்லை, திருவல்லிக்கேணிக்கு மாறினார்கள். அதுவும் போதாமல், காலியாகக் கிடந்த இந்த ஐஸ் ஹவுஸுக்கு வந்தார்கள். 1917-ல் அரசாங்கமே கட்டடத்தை வாங்கியது. ஒதுக்குப்புறமான கடற்கரை, வளைந்த பெரிய கட்டடம், உள்ளே தலைமுடி வளர ஆரம்பித்த சின்னஞ்சிறு பெண்கள். மணலில் ஓடி விளையாடியிருப்பார்கள். 1922-ல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. சுப்பலட்சுமிதான் முதல்வர், 1941-ல் ஓய்வு பெறும் வரைக்கும். அங்கே பயிற்சி பெற்றவர்கள் மாகாணத்தின் பல ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். அந்த முதல் இல்லம் பிராமண விதவைப் பெண்களுக்கு மட்டும். வேறு பிள்ளைகளோடு சேர்த்தால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள் என்பது காரணம். காரணம் புரிகிறது. ஆனால் மற்ற சாதிகளில் தாலியறுத்த பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. பிறகு அவர் தொடங்கிய சாரதா வித்யாலயா எல்லாருக்கும் பொதுவானது. பின்னாளில் ராமகிருஷ்ண மிஷன் பொறுப்புக்கு வந்து, இன்று தி.நகரில் நடக்கிறது. காலையில் நாங்கள் ஆட்டோ ஏறிய இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தோழி அவள் கதைக்கு வந்தாள். கணவர் இறந்து ஆறு மாதம். அண்ணன் வீட்டில் ஒரு மூலை. அண்ணி பொல்லாதவள் இல்லை, ஆனால் விசேஷ நாளில் "நீ பிள்ளையக் கூட்டிட்டு மச்சுக்குப் போயிரு" என்பாளாம். ஊர் நூலகத்தில் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது சுப்பலட்சுமி பற்றி ஒரு கட்டுரை. கட்டுரையில் இந்தக் கட்டடத்தின் படம்.

"ஒன்னும் தெரியாத பச்சப் புள்ளைக எழுத்துக் கூட்டிப் படிச்சு டீச்சர் ஆயிருக்கு. எனக்கு சர்ட்டிபிகேட்டே பெட்டிக்குள்ள கெடக்கேன்னு தோணிச்சுட்டி."

மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்தாள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்தாள். முதலில் ஒரு பள்ளியில் லீவ் வேகன்சி. பிறகு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நிரந்தரம். முதல் நாள் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, "டீச்சர் பொட்டு வைக்க மறந்துட்டீங்க" என்று தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கொடுத்ததாம். வாங்கி வைத்துக்கொண்டாளாம். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "அழகா இருக்கு, எடுக்காதீங்க" என்றாராம். அன்றைக்கு வைத்த பொட்டு. பனகல் பூங்கா வாசலில் நான் உற்றுப் பார்த்தது அதைத்தான்.

இப்போது என் பங்கு.

1985-ல் எனக்கு வளைகாப்பு. பத்திரிகை அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயரை முதலில் எழுதியவள் நான்தான். வீட்டில் பெரியவர்கள் பட்டியலைப் பார்த்தார்கள். "அந்தப் பெண் வேண்டாமே" என்றார்கள். அதட்டவில்லை, சத்தம் போடவில்லை. மெதுவாக, எனக்கு நல்லது சொல்வது போல. நான் பேனாவை எடுத்து அடித்தேன். அந்தப் பெரியவர்கள் இன்று இல்லை. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உறவினர்கள் யாரும் அது யார் என்று பின்னூட்டத்தில் ஆராய வேண்டாம். பேனா என் கையில்தான் இருந்தது. அப்போது எனக்கு 25 வயது. பயிற்சி பெற்ற ஆசிரியை. அந்த வருடமும் வகுப்பில் "1856 டீச்சர்" கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுக்கு வேறு தோழி மூலமாகச் செய்தி போயிருக்கிறது. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு தபால்காரர் வந்தார். பதினோரு ரூபாய் மணியார்டர். அடியில் செய்தி எழுதும் சின்ன இடத்தில், "என் சார்பில் ஒரு டஜன் வளையல் போட்டுக்கொள்" என்று அவள் கையெழுத்தில். அப்போது அவளுக்கு வேலை கிடையாது. கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டேன். பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? நாளைக்கு எழுதலாம், குழந்தை பிறந்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டு, எழுத முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. நாற்பது வருடம்.

அந்தத் திண்டில் உட்கார்ந்து இதை அவளிடம் சொன்னேன். சொல்லும்போது எதிரே இருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. சுண்டல் விற்கிற பையன் வந்தான், வேண்டாம் என்று அனுப்பினாள். அப்புறம் சொன்னாள்: "நீ கூப்பிடலன்னு எனக்கு வருத்தம் இல்லட்டி. எங்க வீட்டுலயே மச்சுக்குப் போன்னுதான் சொன்னாங்க, நீ எம்மாத்திரம். ஆனா மணியார்டர் போட்டா நீ கையெழுத்து போட்ட சீட்டு எனக்குத் திரும்பி வருமே, தெரியாதா ஒனக்கு? அந்தச் சீட்டு வந்துச்சு. வெறும் கையெழுத்து. பின்னால திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒரு வரி எழுதியிருப்பியான்னு. அதுதான் வலிச்சுது."

அந்தச் சீட்டு இன்னும் அவளிடம் இருக்கிறதாம். சான்றிதழ் வைத்த அதே கவரில்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "பசிக்குதுட்டி" என்றாள்.

மயிலாப்பூருக்குப் போய் மாடவீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். கோயில் சாத்தியிருக்கும் நேரம், அதனால் கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்தோம். குளக்கரையில் நின்று, சுப்பலட்சுமி பிறந்த ஊர் இதுதான், 1956-ல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தோடு சேர்ந்து வித்யா மந்திர் பள்ளி தொடங்கியதும் இங்கேதான் என்றாள். எழுபது வயதில் ஒரு புதுப் பள்ளிக்கூடம்! நான் அறுபது வயதில் ரிட்டயர் ஆகி மூட்டு வலிக்குக் கீரை தின்றுகொண்டிருக்கிறேன். அதே காலத்தில் தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கத்திலும் கிராமப் பெண்களுக்காக ஒரு மையம் தொடங்கினார். 1958-ல் பத்மஸ்ரீ. 1969-ல் காலமானார்.

மாலையில் அடையாறு. பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் குறிப்பிட்ட நேரத்தில்தான் விடுவார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். ஆலமரத்தைப் பார்த்தோம். 1989 புயலில் நடுமரம் விழுந்துவிட்டது. விழுதுகள்தான் இப்போது மரம். அவளுக்கு மரத்தைவிட வேறொன்று முக்கியம். பயிற்சியில் மாண்டிசோரி முறை என்று பத்து மார்க் கேள்வி படித்தோமே, அந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் இங்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். சுமார் 300 பேர் படித்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், இத்தாலிக்காரர்கள் என்பதால் மகன் மரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மாவுக்கு இந்த வளாகத்தை விட்டு வெளியே போகத் தடை. அந்த ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்த நாள். வைஸ்ராய் பிறந்த நாள் பரிசாக மகனை விடுவித்தார். அன்னை மாண்டிசோரி 1946 வரை இந்தியாவில்தான் இருந்தார். பாளையங்கோட்டையில் நாங்கள் அதை மனப்பாடம் செய்தபோது, இதெல்லாம் ஐரோப்பாவில் எங்கோ நடந்தது என்றுதான் நினைத்தோம். இரண்டு பேரும் சிரித்தோம்.

திரும்பும் வழியில் அவ்வை இல்லத்தைப் பற்றி நான் சொன்னேன், அன்றைக்கு நான் எடுத்த உருப்படியான வகுப்பு அது ஒன்றுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் தொடங்கியது. தேவதாசி குடும்பத்துப் பெண்கள் அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வெளியே வந்தபோது மற்ற விடுதிகள் எதுவும் அவர்களைச் சேர்க்கவில்லை. இவர் தன் வீட்டில் வைத்துக்கொண்டார், சாதி பார்க்கவில்லை. ஐஸ் ஹவுஸ் திறக்காத கதவை இது திறந்தது. சட்டமன்றத்துக்குள் போன முதல் இந்தியப் பெண் அவர். 1929-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்ததே, சாரதா சட்டம், அதற்கு சுப்பலட்சுமியும் இவரும் இரண்டு பக்கத்திலிருந்தும் பேசினார்கள். பெண்ணுக்கு 14, பையனுக்கு 18. அந்த 14-க்கே எவ்வளவு எதிர்ப்பு!

"இதையும் ஒரு மார்க்குதான் கேட்டிருப்ப" என்றாள் தோழி. ஆமாம், அப்படித்தான் கேட்டேன்.

இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். மற்ற பதினோரு பேரும் பைகளோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் என்னை, "எங்கூடப் படிச்சவ, நல்லா சார்ட்டு வரைவா" என்று அறிமுகப்படுத்தினாள். வண்டி கிளம்பியதும் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மொபைலை எடுத்தேன். இப்போது யார் மணியார்டர் அனுப்புகிறார்கள்? ஜிபேயில் அவள் எண்ணுக்குப் பதினோரு ரூபாய் அனுப்பினேன். செய்தி எழுதும் இடத்தில், "வளையல் போட்டுக்கொண்டேன். நன்றி. பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதினேன். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. ஒரு நிமிடம்தான்.

வண்டி தாம்பரம் தாண்டியிருக்கும். பதில் வந்தது: "நாப்பது வருச வட்டி எங்கட்டி?"

தை மாதம் பாளையங்கோட்டைக்குப் போகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

உங்களில் யாருடைய பாட்டியாவது, பெரியம்மாவாவது சகோதரி சுப்பலட்சுமியின் இல்லத்திலோ லேடி வெலிங்டனிலோ படித்திருந்தால் கீழே எழுதுங்கள். பழைய குரூப் போட்டோ இருந்தால் இன்னும் நல்லது, எடுத்து வையுங்கள். தோழி கேட்கச் சொன்னாள்.